தெரியாதவரோடு ஆடுவது எப்படி? போக்கர் வியூகத்தில் ஒரு பழைய வழக்கு

மகாபாரதத்தின் சபா பருவத்தில் சகுனி துரியோதனனுக்குச் சொல்லும் யோசனை மிகச் சுருக்கமானது. தருமனுக்குச் சூதில் ஆசை உண்டு, ஆடத் தெரியாது, அழைத்தால் மறுக்கமாட்டான். காயை எப்படி உருட்டுவது என்பதெல்லாம் பிறகு வருகிறது. யாரோடு ஆடுவது என்பதே சகுனியின் முதல் முடிவு. பொழுதுபோக்குக்காக உட்காரும் பலவீனமான எதிராளிக்கு ஏற்பத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளலாமா, மாற்றினால் எவ்வளவு மாற்றலாம் என்று இன்றைய போக்கர் நூல்கள் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

இதற்குக் கிடைத்திருக்கும் விடைகள் மூன்று வகை. எதிராளியின் பிழையைத் தேடி அதற்கேற்ப ஆடு என்பது மேசை அனுபவத்தில் பிறந்தது. யார் எதிரே இருந்தாலும் உடைக்கமுடியாத சமநிலை ஆட்டத்தை ஆடு என்பது கணிதத்தில் பிறந்தது. எதிராளியைப் பற்றி எவ்வளவு உறுதியாகத் தெரியுமோ அந்த அளவுக்கு மட்டும் சமநிலையிலிருந்து விலகு என்பது கணினி அறிவியலில் பிறந்தது. மூன்றும் பெரும்பாலும் வட அமெரிக்க மேசைகளையும் ஆய்வகங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பெங்களூரின் ஓசூர் சாலையில், சில்க் போர்டுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையிலுள்ள பொம்மனஹள்ளி போன்ற ஒரு பகுதிக்கு இவை எவ்வளவு பொருந்தும் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேசையை வாசித்தவர்கள்

1957-இல் ஹெர்பர்ட் யார்ட்லி எழுதிய போக்கர் நூல் எதிராளிகளின் குணச்சித்திரங்களால் நிறைந்தது. யார்ட்லி அமெரிக்க அரசுக்காகச் சங்கேத எழுத்துகளை உடைத்தவர். மனிதர்களையும் அதே கண்ணோடு பார்த்தார். 1970-களின் இறுதியில் டாயில் பிரன்சன் தொகுத்த 'சூப்பர் சிஸ்டம்' தொழில்முறை ஆட்டக்காரர்களின் ரகசியங்களைப் பொதுவில் வைத்தது. டேவிட் ஸ்க்லான்ஸ்கி இந்த மரபுக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தார். உன் சீட்டுகள் எதிராளிக்குத் தெரிந்திருந்தால் அவர் எப்படி ஆடுவாரோ அதிலிருந்து அவர் விலகும் ஒவ்வொரு முறையும் உனக்கு லாபம் என்பது அதன் சாரம்.

இந்த மரபிலிருந்து வந்த நடைமுறை அறிவுரைகள் இன்றும் மாறவில்லை. பொழுதுபோக்கு ஆட்டக்காரர் பொதுவாக அதிகக் கைகளில் நுழைகிறார். பந்தயத்தை உயர்த்துவதைவிட (ரெய்ஸ்) அதே அளவு கட்டித் தொடர்கிறார் (கால்). ஒரு ஜோடி கிடைத்துவிட்டால் விட மனம் வருவதில்லை. ஆகவே அவரிடம் பிளஃப் செய்யாதே, அதாவது மோசமான கையை வலுவானதுபோல் காட்டிப் பந்தயம் வைக்காதே. நல்ல கை வந்தால் பந்தயத்தைப் பெரிதாக வை. எப்போதும் அமைதியாக இருப்பவர் திடீரென ரெய்ஸ் செய்தால் நம்பிக் கையைக் கைவிடு (ஃபோல்டு). முடிந்தால் அவருக்கு இடப்பக்கம் உட்கார், அவர் முடிவெடுத்த பிறகு உன் முறை வரும்.

இவற்றில் பெரும்பாலானவை சரியாகவே இருக்கக்கூடும். ஆனால் இவை யாரைப் பற்றிய கூற்றுகள் என்பதை நூல்கள் அதிகம் விசாரிப்பதில்லை. எழுதியவர்கள் வென்றவர்கள். அதே அறிவுரையை நம்பித் தோற்றவர்கள் நூல் எழுதவில்லை.

சமநிலையின் வாதம்

ஜான் வான் நியூமன் 1928-இல் எழுதிய ஆட்டக் கோட்பாட்டுக் கட்டுரையும், ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944-இல் வெளியிட்ட பெருநூலும் கேள்வியைத் தலைகீழாக்கின. அந்நூலின் போக்கர் அத்தியாயம் பிளஃப்பை உளவியல் தந்திரமாகப் பார்க்கவில்லை, கணக்கின் தேவையாகக் காட்டியது. நல்ல கைகளுக்கு எதிராளி பணம் கொடுக்கவேண்டுமானால், மிக மோசமான கைகளில் சிலவற்றையும் அதே அளவு பந்தயத்தோடு கலக்கவேண்டும்.

அதே அத்தியாயத்தில் இன்னொரு முடிவு இருக்கிறது. போக்கர் எழுத்தாளர்கள் அதை அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை. எதிராளி பிளஃப்பில் செய்யும் பிழை, சமநிலை ஆட்டம் ஆடுபவரிடம் அவருக்கு நட்டம் தருவதில்லை. அவரைத் தண்டிக்க வேண்டுமென்றால் நீயும் சமநிலையிலிருந்து விலகவேண்டும், விலகினால் உன்னைத் தண்டிக்கவும் இடம் உண்டாகும். பிழை தேடும் ஆட்டத்தின் விலை 1944-இலேயே குறித்துவைக்கப்பட்டுவிட்டது.

இதன் பிறகு கணினிகளின் காலம். 2015 ஜனவரியில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, பந்தய அளவு நிர்ணயிக்கப்பட்ட, இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம் ஆட்டம் நடைமுறையில் தீர்க்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் சூதாட்டக்கூடம் ஒன்றில் 'லிப்ராடஸ்' என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடி, 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சில்லுகளை வென்றது. லிப்ராடஸ் எதிராளிகளின் பலவீனத்தைத் தேடவில்லை. அவர்கள் தன்னிடம் எந்த ஓட்டையைக் குடைகிறார்கள் என்று பார்த்து, இரவில் அதை அடைத்துக்கொண்டது. டூமஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் இருவரின் இந்த வடிவமைப்பு சமநிலையாளர்களின் வாதத்துக்குக் கிடைத்த மிக வலுவான சான்று.

பலவீனமும் இங்கேதான். லிப்ராடஸின் எதிரே இருந்தவர்கள் உலகத் தரத்தினர். பொழுதுபோக்கு ஆட்டக்காரர் ஒருவரிடம் அது எடுத்திருக்கக்கூடிய பணத்தைவிடக் குறைவாகவே எடுக்கும். அதற்காக அது கட்டப்படவில்லை. 2006 முதல் நடந்த கணினிப் போக்கர் போட்டிகளில் இரண்டு வகைப் பரிசு உண்டு. பலவீனமானவற்றை ஒவ்வொன்றாக நீக்கி எஞ்சுவது யார் என்பது ஒன்று. எல்லோரிடமும் சேர்த்து மொத்தமாக அதிகம் வென்றது யார் என்பது மற்றொன்று. இரண்டையும் எப்போதும் ஒரே நிரல் வெல்லவில்லை. தோற்காமல் இருப்பதும் அதிகம் சம்பாதிப்பதும் வேறு வேறு திறன்கள் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

இன்னொரு வரம்பும் உண்டு. சமநிலை தரும் உத்தரவாதம் இருவர் ஆடும், ஒருவர் இழப்பது மற்றவருக்கே போகும் ஆட்டத்துக்கு மட்டுமே. மூவர் உட்கார்ந்தாலே அது செல்லாது. 2019-இல் ஆறு பேர் மேசையில் வென்ற 'புளூரிபஸ்' நிரல் நடைமுறையில் அசத்தியது, ஆனால் அதன் பின்னால் அந்தக் கணித உத்தரவாதம் இல்லை.

ஒரு ரிவர் கணக்கு

வாதத்தின் மையத்தை ஒரு சிறு கணக்கில் பிடிக்கலாம். ரிவர் எனப்படும் கடைசிச் சீட்டு விழுந்துவிட்டது. மேசை நடுவே குவிந்த பணம் 1,000 ரூபாய், பந்தயமும் 1,000 ரூபாய். சமநிலை ஆட்டக்காரர் இரண்டு வலுவான கைகளுக்கு ஒரு பிளஃப் என்று கலப்பார். எதிராளியிடம் இருப்பது பிளஃப்பை மட்டும் வெல்லக்கூடிய நடுத்தரக் கை. எதிராளி நூற்றுக்கு எழுபது முறை கால் செய்தாலும் சரி, முப்பது முறை செய்தாலும் சரி, இந்த மூன்று கைகளில் பந்தயம் வைத்தவரின் சராசரி வரவு மொத்தம் 3,000 ரூபாய்தான். எதிராளியின் பிழை சமநிலை ஆட்டக்காரரின் கண்ணுக்கே படாது.

இப்போது பிளஃப்பை முற்றிலும் கைவிட்டால்? எதிராளி எழுபது சதவீதம் கால் செய்பவராக இருந்தால் வரவு 3,400. உபரி 400 ரூபாய். அவர் உண்மையில் முப்பது சதவீதமே கால் செய்பவராக இருந்து நாம்தான் தவறாக வாசித்திருந்தால் வரவு 2,600. இழப்பும் அதே 400.

லாபமும் தண்டனையும் இங்கே ஒரே அளவு. எதிராளி பாதிக்கு மேல் கால் செய்கிறாரா இல்லையா என்ற ஒரே உண்மையைப் பற்றிய நம் நம்பிக்கைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே பிழை தேடுவோர் எதிராளி என்ற மனிதரோடு ஆடுவதில்லை, அவரைப் பற்றித் தாங்கள் போட்ட மதிப்பீட்டோடு ஆடுகிறார்கள்.

இருதுபன்னனின் தான்றிமரம்

மதிப்பீடு எங்கிருந்து வருகிறது? வன பருவத்தின் நளன் கதையில் இதற்கு ஒரு பழைய விடை இருக்கிறது. தேரில் போகும்போது இருதுபன்னன் ஒரு தான்றிமரத்தின் இரண்டு கிளைகளில் 2,095 காய்கள் இருப்பதாகச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். பிறகு அந்தக் கலையைக் கற்றுக்கொண்டுதான் புட்கரனிடம் இழந்த நாட்டை மீட்கிறான். புள்ளியியல் வரலாற்றாசிரியர் இயான் ஹேக்கிங் இக்கதையைத் தன் நூலில் எடுத்துப் பேசியிருக்கிறார். சூதுத் திறமையையும் மாதிரியிலிருந்து முழுமையை அனுமானிப்பதையும் ஒரே கல்வியாகப் பார்த்த பழைய சான்று இது.

நளன் எண்ணிப் பார்க்கலாம். போக்கர் மேசையில் அதற்கு நேரம் இல்லை. ஓர் எதிராளி ரிவரில் ஐந்து பந்தயங்களைச் சந்தித்து நான்கை கால் செய்ததைப் பார்த்தோம் என்று வைப்போம். ‘இவர் விடமாட்டார்’ என்று மனம் முடிவு கட்டிவிடும். ஆனால் சரியாகப் பாதி முறை கால் செய்பவரும் ஐந்துக்கு நான்கோ அதற்கு மேலோ கால் செய்ய ஏறக்குறைய 19 சதவீத வாய்ப்பு உண்டு. நேரில் ஆடும் மேசையில் மணிக்கு 25 கைகள் வரலாம். ஒரே ஆள் ரிவர் பந்தயத்தைச் சந்திப்பது ஓர் இரவில் சில முறைதான்.

இந்த இடத்தில்தான் மூன்றாவது மரபு நுழைகிறது. மைக்கேல் ஜோஹன்சன், மார்ட்டின் சிங்கெவிச், மைக்கேல் பௌலிங் மூவரும் 2007-இல் முன்வைத்த முறை, எதிராளி நம் மதிப்பீட்டின்படி ஆடுவார் என்பதற்கு ஒரு நிகழ்தகவைக் கொடுத்து, மீதி நிகழ்தகவில் அவர் நமக்கு மிக மோசமான எதிராளியாக இருப்பார் என்று வைத்துக்கொள்கிறது. சமநிலைக்கும் முழு விலகலுக்கும் நடுவில் ஒரு பாதை கிடைக்கிறது. வரும் லாபத்தில் சிறிது விட்டுக்கொடுத்தால் நம்மைத் தாக்கக்கூடிய இடைவெளி பெரிதும் சுருங்குகிறது என்பது அவர்களின் முக்கியமான முடிவு.

சாம் கான்ஸ்ஃப்ரீடும் சாண்ட்ஹோமும் இன்னொரு எச்சரிக்கையைச் சேர்த்தார்கள். எதிராளி பிழை செய்து நமக்குத் தந்த பரிசை மட்டும் பணயம் வைத்து விலகு, அப்போது நீண்ட கணக்கில் சமநிலைக்குக் கீழே போகமாட்டாய் என்றார்கள். அந்தப் பரிசை எதிர்பார்ப்பு மதிப்பில்தான் அளக்கவேண்டும், கையில் வந்த பணத்தில் அல்ல என்றும் வலியுறுத்தினார்கள். கையில் வந்ததில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. ஒரு மணி நேரம் நன்றாக வென்றவுடன் ‘இது அவர் பணம்தானே’ என்று துணிபவர்கள் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள்.

என் மதிப்பில் கோட்பாட்டளவில் மிகவும் நேர்மையான விடை இந்த மூன்றாவதே. ஆனால் அது பெரும்பாலும் இருவர் மேசைக்கானது, எதிராளியின் மதிப்பீடு கணினியிடம் தயாராக இருக்கும் சூழலுக்கானது.

பொம்மனஹள்ளி மேசை

தனிமனிதரைப் பற்றிய மாதிரி போதாதபோது, கூட்டத்தைப் பற்றிய முன்முடிவையே நம்பவேண்டியிருக்கிறது. ‘இப்படிப்பட்டவர்கள் பொதுவாக இப்படி ஆடுவார்கள்.’ இங்கேதான் இடம் முக்கியமாகிறது.

பொம்மனஹள்ளி 2007-இல் பெங்களூர் மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகரசபை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் ஒரு பக்கம், எச்.எஸ்.ஆர். லேஅவுட்டின் தொழில்நுட்ப ஊழியர்கள் மறுபக்கம். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோவும் வந்துவிட்டது. இத்தகைய பகுதியில் பொழுதுபோக்குக்காக உட்காருபவர் தீபாவளிக்கு மூணு சீட்டு ஆடி வளர்ந்தவராக இருக்கலாம். சீட்டைப் பார்க்காமலே பந்தயம் வைப்பது அங்கே பழக்கம், அது இங்கேயும் தொற்றிக்கொள்ளும். அல்லது ரம்மியில் சீட்டை நினைவில் வைத்துப் பழகியவராக, ஃபோல்டு செய்ய அஞ்சாதவராக இருக்கலாம். அல்லது பகலில் நிரல் எழுதி, இரவில் சமநிலை ஆட்டத்தைக் கணக்கிடும் சால்வர் மென்பொருளோடு பயில்பவராக இருக்கலாம். 2015 முதல் அத்தகைய மென்பொருள் சாதாரணக் கணினிக்கே வந்துவிட்டது. 2024-இல் லாஸ் வேகாஸில் இரண்டரை லட்சம் டாலர் நுழைவுத்தொகைப் போட்டியை வென்ற சந்தோஷ் சுவர்ணா பெங்களூர்க்காரர். அமெரிக்க நூலில் வரும் ‘பலவீனமானவர்’ என்ற சித்திரத்தை இக்கூட்டத்தின்மேல் அப்படியே போர்த்துவது ஆபத்தானது என்றே தோன்றுகிறது.

இரண்டாவது சிக்கல், பணம் எங்கே போகிறது என்பது. ஓர் உதாரணக் கணக்கு: எட்டுப் பேர் மேசை, மணிக்கு 25 கைகள், ஒவ்வொரு கையிலும் ஆட்டக்கூடம் எடுக்கும் கழிவு (ரேக்) சராசரி 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான்கு மணி நேரத்தில் 15,000 ரூபாய் மேசையை விட்டே போய்விடும். பலவீனமானவர் இழக்கும் பணம் முதலில் இந்தக் குழியை நிரப்புகிறது. எஞ்சுவதுதான் திறமைசாலிகளுக்கு. இணையத்தில், 2025-இல் பண ஆட்டம் தடை செய்யப்படும்வரை, இதற்கு மேல் 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றியில் 30 சதவீத வரிப்பிடித்தமும், அதே ஆண்டு அக்டோபர் முதல் கட்டும் தொகைமீது 28 சதவீத சரக்கு சேவை வரியும் இருந்தன. ஓராண்டின் நட்டத்தை அடுத்த ஆண்டு வெற்றியில் கழிக்கவும் வழியிருக்கவில்லை. சிறிய சாதகத்தை வைத்துக்கொண்டு நிறையக் கைகளில் ஈடுபடும் ஆட்டம் இந்தச் செலவில் முதலில் செத்துப்போகும். பெரிய பிழையை மட்டும் காத்திருந்து பிடிக்கும் ஆட்டம் தாக்குப்பிடிக்கலாம். எதிராளிக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றச் சொல்லும் நூல்கள் கழிவுக்கு ஏற்ப மாற்றுவதைப் போகிறபோக்கில்தான் சொல்கின்றன; இங்கே வரிசை தலைகீழாக இருக்கவேண்டும்.

மூன்றாவதாக, பணத்தை எடுத்துக்கொண்டே இருந்தால் எதிராளி எழுந்துபோய்விடுவார். இதை முதலில் உணர்ந்தவை இணையதளங்களே. 2011-இல் போடாக் தளம் யார் யாரென்று தெரியாத மேசைகளைக் கொண்டுவந்தது. 2019-இல் பார்ட்டிபோக்கர் எதிராளியின் புள்ளிவிவரங்களைத் திரையில் காட்டும் மென்பொருளைத் தடை செய்தது. திருவள்ளுவர் சூதில் வரும் வெற்றியைத் தூண்டிலில் உள்ளதை மீன் விழுங்குவதற்கு ஒப்பிட்டார். போக்கர் மேசையில் தோற்பவரை மீன் என்கிறார்கள். வள்ளுவரிடம் மீன், வென்றவன். பொழுதுபோக்கு ஆட்டக்காரரை மேசையில் இருத்திவைப்பது அவர் அவ்வப்போது பெறும் வெற்றிகள் என்பதைக் கருதினால், இரண்டு பார்வையும் ஒரே ஆளைத்தான் சுட்டுகின்றன.

திறமையின் சாட்சி யார்?

வியூக விவாதத்தில் பேசப்படாத ஒன்றைச் சட்ட விவாதம் வெளிக்கொண்டுவருகிறது. 1957-இன் சமர்பாக்வாலா வழக்கிலிருந்து, திறமை மேலோங்கிய ஆட்டம் சூதாகாது என்பது இந்திய நிலை. 1968-இல் சத்யநாராயணா வழக்கில் ரம்மி அந்தப் பக்கம் சேர்ந்தது. போக்கரைப் பற்றி உயர் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-இல் திறமை ஆட்டமாக ஆடினால் உரிமம் தேவையில்லை என்ற திசையில் சென்றது. குஜராத் 2017-இல் அதை அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. கர்நாடக அரசு 2021-இல் கொண்டுவந்த இணையத் தடையை அம்மாநில உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரி 14 அன்று ரத்து செய்தது. தமிழ்நாட்டில் நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த சட்டத்தை 2023 நவம்பரில் ஏற்ற சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் ஏற்கவில்லை.

திறமை என்று நிரூபிக்க என்ன சான்று? ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் இருவரும் 2010-இன் உலகப் போக்கர் தொடரை ஆராய்ந்து, முன்பே திறமைசாலி என அறியப்பட்டவர்கள் போட்ட பணத்தில் 30 சதவீதத்துக்கு மேல் லாபமும், மற்றவர்கள் ஏறக்குறைய 15 சதவீத நட்டமும் கண்டதாகக் காட்டினார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் இணையத்தில் 45 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து, சுமார் 1,500 கைகளுக்குப் பிறகு திறமை அதிர்ஷ்டத்தை மிஞ்சுவதாகச் சொன்னார்கள். கெர்ஹார்ட் மையரும் உடனுழைத்தவர்களும் 300 பேரை 60 கைகள் ஆடவைத்தபோது, முடிவைத் தீர்மானித்தது சீட்டுதான்; தேர்ந்தவர்கள் மோசமான சீட்டில் குறைவாக இழந்தார்கள் என்பதே வேறுபாடு.

இவை ஒன்றையொன்று மறுப்பதாகப் படிப்பது வழக்கம். இவை வெவ்வேறு நீளங்களை அளந்தவை என்று படிப்பதே பொருத்தமாகத் தெரிகிறது. ஓர் இரவில் நான்கு மணி நேரம் ஆடுபவர் பார்ப்பது சுமார் 100 கைகள். அவருக்கு அந்த இரவு பெரும்பாலும் அதிர்ஷ்டம். அவர் எதிரே வாரம் முழுக்க உட்காருபவருக்கு அதே மேசை திறமை. ஆட்டத்தின் தன்மை ஆட்டத்தில் மட்டும் இல்லை, அதை எவ்வளவு நீளமாக ஆடுகிறார் என்பதிலும் இருக்கிறது. போக்கர் திறமை ஆட்டம் என்பதற்கு நீதிமன்றத்தில் வைக்கப்படும் புள்ளிவிவரம், பலவீனமானவர் தொடர்ந்து தோற்கிறார் என்பதுதான். அதே தோல்வியைத்தான் தடை கேட்ட அரசுகளும் காட்டின.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இந்தச் சிக்கலை அவிழ்க்காமல் வெட்டியது. இணையவழி ஆட்ட ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்கிறது. நேரில் கூடி ஆடுவது மாநிலச் சட்டங்களின் கீழேயே நிற்கிறது.

எஞ்சியிருப்பவை

இருப்பதை வைத்து இவ்வளவு சொல்லலாம். பிழை தேடும் ஆட்டம் வெளிப்படையான, பெரிய பிழைகளுக்கு எதிராகச் சமநிலையைவிட அதிகம் சம்பாதிக்கும். இதில் மூன்று மரபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நுண்ணிய பிழைகளைப் பொறுத்தவரை, நேரில் ஆடும் மேசையில் அவற்றை உறுதிப்படுத்தும் அளவுக்குச் சான்று சேருவது அரிது. ஒருவரின் வெற்றி விகிதத்தை அளப்பதே கடினம். நூறு கைக்கு 80 முதல் 100 பெரிய பிளைண்ட் (ஒவ்வொரு கையின் தொடக்கத்திலும் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) வரை ஏற்ற இறக்கம் உள்ள ஆட்டத்தில், 10,000 கைகளுக்குப் பிறகும் கணிப்பில் ஒன்பது பிளைண்ட் அளவுக்குத் திட்டப்பிழை எஞ்சும். வாரம் ஓர் இரவு ஆடுபவருக்கு 10,000 கைகள் சேர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். தன்னைப் பலமானவர் என்று எண்ணி எதிராளிக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றும் பலர், தாங்களே இன்னொருவரின் பட்டியலில் பலவீனமானவராக இருக்கக்கூடும்.

தீராமல் இருப்பவை மூன்று. பல பேர் மேசையில் எவ்வளவு விலகினால் பாதுகாப்பு என்பதற்குக் கோட்பாடு இல்லை. ரேக்கும் வரியும் சேர்ந்த ஆட்டத்துக்குச் சமநிலை எப்படி மாறும் என்பது இன்னும் பகுதியளவே ஆராயப்பட்டிருக்கிறது. இந்தியக் கூட்டத்தின் பழக்கங்களைப் பற்றிய முன்முடிவுகளுக்கு அடிப்படையாகக்கூடிய தரவுகள், அவற்றைச் சேர்த்துவைத்திருந்த இணையதளங்களின் பண ஆட்டங்களோடு முடங்கியிருக்கின்றன. 2025 சட்டத்தை எதிர்த்துக் கர்நாடகம் உள்ளிட்ட உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.